புல்லட் பார்க்கப் போன நெல் தரகன்

பூதலூரில் ஒரு வீட்டு வாசல். வேப்பமர நிழலில் பச்சை நிறப் புல்லட் ஒன்று சாய்ந்து நிற்கிறது. அதன் சைலன்சர் வாயில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ஆள் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறான்.

அவன் என் மைத்துனன் குணசேகரன். தொழில், நெல் தரகு.

இழுத்த மூச்சை விடாமலே என் பக்கம் திரும்பி முகத்தைச் சுளித்தான். “ஈரம் இருக்கு மாமா” என்றான்.

நானும் கவலையோடு தலையாட்டினேன். சைலன்சரில் ஈரம் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. நெல்லில் ஈரம் இருந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஒரு தைரியத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் அங்கே நின்றுகொண்டிருந்தோம்.

வண்டிக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஆமாங்க, ஈரம்தான். ரொம்ப நாளா இருக்கு” என்றார்.

எனக்கு முதுகில் வியர்த்தது. விற்கிறவர் எதற்காக ஆமாம் என்கிறார்?

பனியன் வரைக்கும்

நான் ஏன் இப்படி வியர்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறவன் நான். மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அடிக்கிற கதை மட்டும் மாறவில்லை. அண்ணன் தம்பியை ஏமாற்றினான், பங்காளி பங்காளியை ஏமாற்றினான், நல்லவர் என்று நம்பி முன்பணம் கொடுத்தேன். ‘நல்லவர் என்று நம்பி’ என்ற மூன்று வார்த்தைகளை என் விரல்கள் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும்.

இத்தனை ஏமாற்றையும் அடித்த ஆள் ஏமாறவே மாட்டான் என்றுதானே நினைப்பீர்கள்? என் மனைவி மலரும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் நினைத்தாள்.

பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினேன். அது வீட்டையெல்லாம் சூடாக்கிவிட்டுத் தன் வயிற்றுக்குள்ளும் சூடாகவே இருந்தது. பிறகு தஞ்சாவூருக்கு வெளியே ஒரு மனை வாங்கினேன். அருமையான மனை. நீளமாக, சமமாக, இரண்டு பக்கமும் கரை கட்டி அழகாக இருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்தபோதுதான் அது ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்று புரிந்தது. என் மனைக்குள் தண்ணீர் அமைதியாக ஓடிப் பக்கத்து வயலுக்குப் பாய்ந்தது. நான் வாங்கியிருந்தது ஒரு வாய்க்கால்.

ஆகவே, ஐம்பதைத் தாண்டிய பிறகு எனக்குப் புல்லட் ஆசை வந்தபோது மலர் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். துணி மடித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்.

“வாங்குங்க. நான் தடுக்கல. ஆனா இதுலயும் ஏமாந்து வந்து நின்னீங்கன்னா, இனிமே இந்த வீட்ல உங்க கையால ஒரு சாமான் வாங்கக் கூடாது. உங்க பனியன்கூட நான்தான் வாங்குவேன்.”

சிரிக்காதீர்கள். மலர் வாங்கும் பனியன் எப்போதும் ஒரு சுற்று பெரிதாக இருக்கும். ஒரு ஆண்மகன் மிச்சமிருக்கும் காலத்தை அதற்குள் கழிப்பதை நினைத்துப் பாருங்கள்.

டாக்டர் ஓட்டிய வண்டி

முதலில் பார்த்தது புது ரகம். பழசு போலவே செய்த புதுசு. கண்ணீர்த் துளி மாதிரி டேங்க், வட்ட விளக்கு, பளபளக்கும் மட்கார்டு. பார்வைக்குத் தாத்தா காலத்து வண்டி. பட்டனைத் தொட்டால் பேரன் மாதிரி எழுந்துகொள்ளும். கியர் இடது காலில், பிரேக் வலது காலில், எல்லா வண்டியையும் போல. மெடிக்கல் காலேஜ் சாலையில் ஒரு பையன் வைத்திருந்தான்.

“டாக்டர் ஓட்டுன வண்டி சார்” என்றான்.

தஞ்சாவூரில் விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில் பாதி, டாக்டர் ஓட்டியவை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் ஊர் டாக்டர்களுக்கு நாடி பிடிக்கவே நேரம் இருந்திருக்காது. வண்டியைக் கழுவி, மெழுகு போட்டு, டயருக்குக்கூடக் கறுப்புப் பூசி நிறுத்தியிருந்தான். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் குளிப்பாட்டலாம். இவ்வளவு குளிப்பாட்டினால் எதையோ கழுவியிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? வந்துவிட்டேன்.

அடுத்தது பாபநாசத்தில் ஒரு ரெட்டைக் குழல் வண்டி. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதன் பக்தர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார்கள். அதில் கிக்கரும் கியரும் ஒரே தண்டு. உதைத்துக் கிளப்பிவிட்டு, அதே தண்டை அழுத்தி முன்னால் திருப்பினால் கியர். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. ஒரே ஆள் வாதியாகவும் பிரதிவாதியாகவும் இருந்தால் நீதிமன்றத்தில் விடுவார்களா? பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டுமாம். கிளப்பிக் காட்டினார். தெருவில் இருந்த கொசுவெல்லாம் ஊரை விட்டுப் போயிற்று. நானும் போனேன்.

மூன்றாவதுதான் பூதலூர். பழைய இரும்பு இன்ஜின் புல்லட். இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதாவது, இத்தனை வருஷம் என் கால்கள் கற்றதெல்லாம் தலைகீழ். செல்ஃப் ஸ்டார்ட் என்ற பேச்சே கிடையாது. காலால் உதைக்க வேண்டும். நேரம் தவறி உதைத்தால் கிக்கர் திரும்பி நம்மை உதைக்கும். இதற்கெல்லாம் சேர்த்து அது எழுப்புகிற சத்தம் இருக்கிறதே, உச்சிவெயிலில் ஆற்றங்கரை அரசமரத்தடியில் படுத்திருக்கும்போது தூரத்து வயலில் ஆயில் இன்ஜின் ஓடுமே, அந்த மாதிரி நெஞ்சுக்குள் வந்து தட்டும். அதற்குத்தான் ஆசைப்பட்டேன்.

விளம்பரத்தைப் பார்த்து போன் செய்தபோது, முன்யோசனையாக என் பெயரை மாற்றி “செல்வராஜ் பேசுறேங்க” என்று சொல்லிவைத்தேன். எதிராளிக்கு நம் நிஜப் பெயர் ஏன் தெரிய வேண்டும்?

மெக்கானிக் வேண்டாம்

வண்டி பார்க்கப் போகிறவர்கள் மெக்கானிக்கை அழைத்துப் போவார்கள். நான் அழைக்கவில்லை. மெக்கானிக் இந்தப் பக்கமும் கமிஷன், அந்தப் பக்கமும் கமிஷன் வாங்கிய கதைகளை நான் எத்தனையோ அடித்திருக்கிறேன். எனக்குத் தேவை ஏமாறாத ஆள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவன்தான் உண்டு. குணா.

களத்துமேட்டில் அவனை நீங்கள் பார்க்க வேண்டும். குத்தூசியை மூட்டைக்குள் சரக்கென்று விட்டு நாலு நெல்லை எடுப்பான். மோந்து பார்ப்பான். பல்லில் வைத்துக் கடிப்பான். கடித்ததும், பெற்ற பிள்ளை பரீட்சையில் தவறிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். “கருக்கா நிறைய கெடக்கே, பாதி பதர்தான்” என்பான். விவசாயி, “எங்கய்யா கெடக்கு கருக்கா? கண்ணைத் திறந்து பாரு” என்று எகிறுவார். இவன் குறை சொல்ல, அவர் மறுக்க, அப்படியே விலை படியும். இதுதான் தொழில் முறை. நல்ல நெல் என்று குணா ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. அவன் கல்யாணத்தில் போட்ட சாப்பாட்டையே, “சோறு கொஞ்சம் குழைஞ்சிருக்கு” என்றவன்.

“மாமா, நெல்லோ வண்டியோ, விக்கிறவன் ஒரே ஆளுதான். நீங்க வாயைத் தொறக்காதீங்க. நான் பாத்துக்கிறேன்” என்றான்.

எல்லாவற்றுக்கும் ஆமாம்

வண்டிக்காரர் பெயர் ராஜமாணிக்கம். அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டர். விறைத்த நடை, வெட்டிய மீசை. எங்களைப் பார்த்ததும், “வாங்க செல்வராஜ்!” என்று மைதானக் குரலில் கூப்பிட்டார். யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். குணா என் விலாவில் இடித்தான்.

ஈரத்துக்கு ஆமாம் சொன்னதோடு நிற்கவில்லை அவர்.

“டேங்க்ல துரு ஏறியிருக்கும்போல” என்றான் குணா. டேங்கை விரலால் தட்டிக்கூடப் பார்க்கவில்லை, குத்துமதிப்பாகச் சொன்னான்.

“ஏறாம? பழசுங்களே.”

“சத்தம் ஒரே சீரா இருக்காது.”

“இருக்காது. இருமும்.”

“எண்ணெய் ஒழுகுமே?”

“ஒழுகுமா? வாசல்ல கோலம் போடும்ங்க. வேற நல்ல வண்டியாப் பாருங்களேன், உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?”

குணாவின் வாய் திறந்தபடியே நின்றது. அவன் தொழில் வாழ்க்கையில் அவன் சொன்ன குறையை யாரும் ஒத்துக்கொண்டதாக நான் கேட்டதில்லை. எதிரில் சுவர் இருக்கும் என்று தோளால் மோத வந்தவன், சுவரே இல்லாமல் வாசலில் குப்புற விழுந்த மாதிரி ஆகிவிட்டான்.

“மாமா, கொஞ்சம் வாங்க” என்று என்னை வைக்கோல் போர் பக்கம் இழுத்துப் போனான். “என்ன மாமா இது? ஆமாங்கிறாரு!”

“நீதானே பாத்துக்கிறேன்னே?”

“மறுத்தாத்தானே மாமா மேல பேச முடியும்?”

எனக்குள் தட்டச்சு ஓட ஆரம்பித்தது. திருட்டு வண்டியாக இருக்குமோ? விபத்தில் யாரையாவது அடித்திருக்குமோ? இவரே கெட்ட வண்டி என்று சொல்லிவிட்டால், நாளைக்கு நான் வழக்குப் போட முடியாது. ‘குறைகள் அனைத்தும் வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டன.’ ஆஹா! எப்பேர்ப்பட்ட வக்கீல் மூளை! பனியன் என் கண் முன்னால் காற்றில் ஆடியது.

கால் மடக்க வேண்டும்

அப்போதுதான் மாஸ்டரின் மனைவி டீயோடு வந்தார். கஸ்தூரி என்று பெயர். வாசலில் நின்ற கணவரை ஒரு பார்வை பார்த்தார். மாஸ்டர் விறைப்பைத் தளர்த்தி வேப்பமரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

“என்ன தம்பி, வண்டி மோசம்னு சொல்லியிருப்பாரே?”

நான் விழித்தேன்.

“வர்ற எல்லார்கிட்டயும் இதேதான். போன வாரம் வந்தவங்ககிட்ட இன்ஜினுக்குள்ள எலி குடும்பம் நடத்துதுன்னாரு. வண்டியில ஒரு குறையும் கிடையாது தம்பி. என்னைக் கவனிச்சதைவிட அதைத்தான் கவனிச்சிருக்காரு.”

“நீ சும்மா இரு” என்றார் மாஸ்டர், மைதானக் குரல் பாதியாக.

“எதுக்குச் சும்மா இருக்கணும்? மழைக்கு முன்னாடி கிக்கர் திரும்பி அடிச்சு முட்டி வீங்கிச்சு. இன்னொரு அடி விழுந்தா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த மாசம் திருக்கடையூர்ல அறுபதாங் கல்யாணம். பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்தி எல்லாரும் வர்றாங்க. மணையில நான் உக்காருவேன், இவரு பக்கத்துல நின்னுக்கிட்டு இருப்பாரா? கால் மடக்க முடியணும்ல? வண்டி வாசல்ல நிக்கிற வரைக்கும் உதைக்காம இருக்க மாட்டாரு. நான் கோயிலுக்குப் போனா இங்க சத்தம் கேக்குது.”

மாஸ்டர் லுங்கிக்கு மேலாக முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நல்ல மனுஷன் யாராக இருந்தாலும் மனம் இளகியிருப்பான். எனக்கு இளகவில்லை. ஆஹா, இரண்டு பேரும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்று தோன்றியது! கணவன் குறை சொல்வாராம், மனைவி வந்து முட்டிக் கதை சொல்வாராம், கோயிலைச் சொல்லி முடிச்சுப் போடுவார்களாம். எத்தனை பேர் இந்த டீயைக் குடித்தார்களோ? டீயைக் கீழே வைத்தேன். பிறகு அதில் ஒன்றும் இருக்காது என்று நினைத்துக் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

குணாதான் என் காதில் சொன்னான். குரலில் தரகன் இல்லை.

“மாமா, ஒரே ஒரு தரம் இந்த மாதிரி பாத்திருக்கேன். தண்ணி வராத வருஷம், ஒரு பெரியவரு விதைக்கு வச்ச நெல்லை வித்தாரு. நான் கருக்கான்னேன், ஆமான்னாரு. பழுப்புன்னேன், ஆமான்னாரு. வேணாம்னா போயிடுன்னாரு. கடிச்சுப் பாத்தேன். அவ்வளவு சுத்தமான நெல்லை நான் பாத்ததில்ல.”

“அப்புறம்?”

“எடுத்துக்கிட்டேன். அதுக்கு மேல குறை எதுவும் சொல்லல. அன்னைக்கு ஒருநாள்தான்.”

கிளப்பிப் பார்த்தது

வண்டியைக் கிளப்பிப் பார்க்க வேண்டும் என்றேன். மாஸ்டரின் கால் தானாக முன்னால் வந்தது. “ஏங்க!” என்றார் கஸ்தூரி அம்மா. கால் பின்னால் போனது.

ஆகவே குணா ஏறினான். மாஸ்டர் தள்ளி நின்று கட்டளை போட்டார்.

“மீட்டர்ல முள்ளப் பாருங்க. கிக்கரை மெதுவா அழுத்துங்க. முள்ளு நடுவுக்கு வரட்டும். வந்துச்சா? இப்ப இடது கைல சின்ன லிவர். அழுத்திக்கிட்டே கிக்கரை ஒரு பொட்டு இறக்குங்க. லிவரை விடுங்க. காலை மேல எடுங்க. இப்ப முழுசா… மிதி!”

பள்ளிக்கூடப் பிள்ளைகளே அப்படி மிதித்திருக்க மாட்டார்கள். நெல் மூட்டை இறங்குவது போல் குணா கிக்கர் மேல் இறங்கினான். ஒரே மிதி. வண்டி எழுந்தது. இருமவில்லை. துப்பவில்லை. வேப்பமரத்தில் இருந்த மைனா மட்டும் பறந்தது. மாஸ்டர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். அந்த முகத்தில் நடிப்பதற்கு இடமில்லை. என் தட்டச்சு நின்றது.

எடுத்துக்கொள்கிறேன் என்றேன். மாஸ்டர் தலையசைத்தார். உள்ளே போய் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தார். பெயர் மாற்றத்துக்கு என் ஆதார் அட்டையை நீட்டினேன்.

அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

“செல்வராஜ்னீங்க?”

அந்த வாசலில் அன்று ஏமாற்றுக்காரன் என்று ஒருவன் இருந்தான் என்றால், அது நான்தான். நாக்குழறி ஏதோ சொன்னேன். கஸ்தூரி அம்மா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். என் வாழ்நாளில் முதல் தடவையாக, எதிராளியின் சந்தேகம் எப்படி இருக்கும் என்று அறிந்தேன். காது சுடும்.

“ஏமாந்துடுவோமோன்னு பயம்ங்கம்மா அவருக்கு. வாய்க்கால வெலைக்கு வாங்குனவரு” என்று குணாதான் மானத்தை வாங்கி என்னைக் காப்பாற்றினான்.

வாயைத் திறந்த குணா

எல்லாம் முடிந்து கிளம்பும் நேரம். இத்தோடு போயிருக்கலாம். தொழில் பழக்கம் விடுமா? தன் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே குணா சும்மா சொன்னான்.

“என்னதான் இருந்தாலும் பழைய இரும்புதானுங்க மாஸ்டர்.”

அவ்வளவுதான்.

“யாரைய்யா சொன்னே பழைய இரும்புன்னு?”

தெருக்கோடியில் ஒரு நாய் எழுந்து நின்றது. இது முழுக் குரல்.

“துருவா? டேங்குக்குள்ள கைய விட்டுப் பாருய்யா! எண்ணெய் ஒழுகுதா? எங்க ஒழுகுது, காட்டு! இந்தத் தரையில ஒரு சொட்டு காட்டு பாப்போம்! இந்த வண்டியிலதான்யா என் பொண்ணைப் பிரசவத்துக்குத் தஞ்சாவூர் கொண்டு போனேன், வெள்ளத்துல காரே போகாத ரோட்டுல. ஒரு தரம் நின்னுதா? கேளு அவளை. நின்னுதான்னு கேளு!”

“நீங்கதான மாஸ்டர் ஆமான்னீங்க…” என்றான் குணா, ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒதுங்கியபடி.

“அப்ப அது என் வண்டி. நான் என்ன வேணா சொல்வேன்!”

சொன்ன பிறகுதான் அவருக்கே தான் சொன்னது உறைத்தது. கஸ்தூரி அம்மா அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துவிட்டார்; சரியாகத்தான் கிடந்தது.

நான் வண்டியை எடுத்தேன். குணாவே மிதித்துக் கிளப்பிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் முன்னால் ஓடிப்போனான், மாஸ்டர் கண்ணில் படாமல்.

ஆற்றங்கரைச் சாலைக்குத் திரும்பும் இடம். எதிரே சாலையில் பாதிவரைக்கும் நெல் காயப் போட்டிருந்தார்கள். பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினேன். அது கியர். வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது.

கண்ணாடியில் பார்த்தேன். வாசலில் இருந்து மாஸ்டர் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு காலைச் சற்று இழுத்தபடி, ஆனால் வேகமாக. பின்னால் கஸ்தூரி அம்மா, “ஏங்க! ஏங்க!” என்று கூப்பிடுவது கேட்டது. அவர் திரும்பவில்லை.

வந்து சேர்ந்தால் அந்த முட்டியோடு கிக்கரை அவரே உதைப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று காலையிலிருந்து சந்தேகம் இல்லாமல் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

முள்ளைத் தேடினேன். உதைத்தேன். ஒன்றுமில்லை. லிவரை விட மறந்திருந்தேன். மறுபடி உதைத்தேன். கிக்கர் திரும்பி என் கெண்டைக்காலில் வைத்தது ஒன்று; நாக்கைக் கடித்துக்கொண்டேன். நெல் கிளறிக்கொண்டிருந்த பெண், “இறங்கித் தள்ளுங்கய்யா” என்று சிரித்தார். கண்ணாடியில் மாஸ்டர் பெரிதாகிக்கொண்டே வந்தார். மின்கம்பத்தைத் தாண்டிவிட்டார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

முள்ளு நடுவுக்கு வரட்டும். வந்தது. லிவர். ஒரு பொட்டு. லிவரை விட்டேன். காலை மேலே எடுத்து, என் எடை, என் பயம், என்னிடம் இருந்த எல்லாவற்றையும் சேர்த்து மிதித்தேன்.

வண்டி எழுந்தது. பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்திருந்ததால் அலறியது.

மாஸ்டர் சாலை நடுவில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கினார். பின்னால் வந்த கஸ்தூரி அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை மாஸ்டர் மெல்லத் தூக்கினார். டாட்டா காட்டுகிறார் என்று நினைத்தேன். இல்லை. காற்றில் எதையோ பிடித்து, மணிக்கட்டை முன்னால் திருப்பினார். குறை, குறை என்று.

குறைத்தேன்.